ஆப்பிள் விதை போட்டால் காய்க்குமா?

கேள்வி: என் பேரன் பூஜி ஆப்பிளின் விதைகளை ஈரத் துணியில் சுற்றி பிரிட்ஜில் வைத்தான். இரண்டரை மாதத்தில் நான்கு முளைத்தன. இப்போது ஒரு சாண் உயரம். வீட்டு வாசலில் இது காய்க்குமா? பூஜி பழம்தான் வருமா?
– ஒரு பாட்டி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: முதலில் பேரனுக்கு என் பாராட்டு. இரண்டு மூன்று மாதம் ஈரமும் குளிரும் பட்டால்தான் ஆப்பிள் விதை முளைக்கும். சரியாகச் செய்திருக்கிறான்.

ஆனால் அது பூஜி இல்லை அம்மா. ஆப்பிள் பூ பெரும்பாலும் தன் ரகத்து மகரந்தத்தை ஏற்காது. தாய் பூஜி, தகப்பன் எந்த மரமோ! நான்கு கன்றும் நான்கு குணமாக இருக்கும். கிரானி ஸ்மித்கூட 1868 வாக்கில் சிட்னி பக்கம் தானாக முளைத்த கன்றுதான். அதை ஒட்டுக் கட்டித்தான் உலகமெங்கும் பரப்பினார்கள். தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு இது தெரிந்த கதை. நல்ல பால்மரத்தின் (ரப்பர் மரத்தின்) கண்ணை, அதாவது பட்டையோடு சீவிய மொட்டை, எடுத்து விதைக்கன்றில் ஒட்டுவோமே, அதேதான்.

அடுத்தது குளிர். குளிர்நாட்டிலேயே விதைக்கன்று பூக்க ஆறு முதல் பத்து வருஷம் ஆகும். பெரும்பாலான ரகங்களுக்கு 7 டிகிரிக்குக் கீழே பல நூறு மணி நேரம் வேண்டும். கோலாலம்பூரிலோ விடியற்காலையில்கூட 23, 24 டிகிரி. குளிர் கிடைக்காத மரத்தைப் பார்த்தாலே தெரியும்: கிளை நீளமாக மொட்டையாக ஓடும், நுனியில் மட்டும் ஒரு கொத்து இலை நிற்கும்.

அதற்காகக் கன்றைப் பிடுங்கிவிடாதீர்கள். தண்டு பென்சில் தடிமன் வந்ததும், குளிர் அதிகம் கேட்காத 'அன்னா' ரகத்தின் கண்ணை அதில் ஒட்டுங்கள். அது இஸ்ரேலில் உருவான ரகம். சுங்கை பூலோ நர்சரிகளில் விசாரித்துப் பாருங்கள். மகரந்தத்துக்குத் துணையாக 'டோர்செட் கோல்டன்' பக்கத்தில் இருந்தால் நல்லது. வேர் பேரனுடையதாகவே இருக்கும், காத்திருப்பும் குறையும்.

அப்புறம் குளிருக்குப் பதிலாக ஒரு வேலை இருக்கிறது, இலை உருவுவது. ஜாவாவில் மாலாங் அருகே பத்து என்ற மலையூரில், அறுவடை முடிந்த சில வாரங்களில் மரத்தின் இலைகளைக் கையாலேயே உருவிவிடுகிறார்கள். மரம் உறக்கத்துக்குப் போகுமுன் மொட்டு விழித்துப் பூக்கிறது. வருஷத்துக்கு இரண்டு அறுவடைகூட எடுக்கிறார்கள். அது மேட்டு நிலம், செந்தூலைவிடக் குளிர்ச்சி. அதனால் உங்களுக்கு அந்த அளவு விளைச்சல் வராது, நாலைந்து காய் பிடித்தாலே எனக்குச் சந்தோஷம். கிளைகளைக் கயிறு கட்டிப் படுக்கையாக வளைத்துவிடுங்கள், பூ கூடும். தொட்டியில் தண்ணீர் தேங்கக் கூடாது. ஒட்டுக் கட்டிய இடத்தில் மழை படாமல் பிளாஸ்டிக் நாடாவை இறுக்கிச் சுற்றி, மூன்று வாரம் கழித்து அவிழுங்கள்.