இரண்டு தொட்டிலுக்கு நேர்ந்தாயிற்று, கரு எத்தனை?

கேள்வி: எனக்கு வயது 30. திருமணமாகி ஏழு ஆண்டுகள். நகையை அடகு வைத்து மதுரையில் ஐ.வி.எஃப். (சோதனைக் குழாய்க் குழந்தை) சிகிச்சை எடுக்கிறோம். ஐந்து நாள் வளர்ந்த நல்ல கருக்கள் மூன்று இருக்கின்றன. முதல் முறை ஒன்று வைத்தால் போதும் என்கிறார் டாக்டர். மாமியாரோ இரண்டு வைக்கச் சொல்கிறார். அழகர்கோயிலில் இரண்டு தொட்டில் கட்டுவதாக நேர்ந்தும்விட்டார். ஒன்று தங்காமல் போனால் பணமும் போய்விடுமே?
– வாசகி, மேலூர்

பதில்: டாக்டர் சொல்வதைக் கேளுங்கள் சகோதரி.

'ஒரே செலவில் இரண்டு பிள்ளை' என்பது கேட்க இனிக்கும் கணக்கு. இரட்டைக் குழந்தைகளில் பாதிக்கு மேல் 37 வாரம் நிறையும் முன்பே பிறந்துவிடுகின்றன. தாய்க்கு இரத்தக் கொதிப்பு, கர்ப்பகாலச் சர்க்கரை, பிரசவத்துக்குப் பின் இரத்தப்போக்கு எல்லாமே கூடுகின்றன. குறைமாதப் பிள்ளைகள் இன்குபேட்டரில் கிடந்தால் தனியார் மருத்துவமனை நாள் கணக்கில் பில் போடும். இரண்டு பிள்ளைக்கு இரண்டு பில். அதற்கு அடகு வைக்க நகை மிச்சம் இருக்கிறதா?

உங்கள் பயம் நியாயமானதுதான். ஒரு தடவையை மட்டும் பார்த்தால், இரண்டு வைப்பதில் வாய்ப்பு கூடுதல். ஆனால் ஸ்காண்டிநேவிய நாடுகளில் 36 வயதுக்கு உட்பட்ட பெண்களிடம் நடத்தி 2004-இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். இரண்டு கருவைச் சேர்த்து வைத்தவர்களில் நூற்றுக்கு 43 பேர் பிள்ளை பெற்றார்கள். முதலில் ஒன்று, அது தங்காவிட்டால் உறைய வைத்த இன்னொன்று என்று வைத்தவர்களில் 39 பேர். வித்தியாசம் நான்கே பேர். பிள்ளை பெற்றவர்களில் முதல் வகையினரில் மூன்றில் ஒருவருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட குழந்தை; இரண்டாம் வகையினரில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. இதை உங்கள் கணவருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

மீதிக் கருக்கள் எங்கும் போய்விடாது. 10 ஆண்டுகள் வரை உறைய வைத்திருக்க நம் நாட்டின் 2021-ஆம் ஆண்டுச் செயற்கைக் கருத்தரிப்புச் சட்டம் இடம் தருகிறது. அடுத்த முறைக்குக் கருமுட்டை எடுக்கும் ஊசிகள் தேவையில்லை என்பதால் செலவும் குறையும். எவ்வளவு என்று இப்போதே கேட்டுவிடுங்கள், பாதுகாப்புக் கட்டணத்தையும் சேர்த்து.

நாற்பதை நெருங்கியவர், பலமுறை தோற்றவர் என்றால் என் பதில் வேறாக இருக்கும். ஒற்றைக் கருவே இரண்டாகப் பிரிவதும் அபூர்வமாக உண்டு. அது நம் கையில் இல்லை.

வீட்டில் நீங்கள் வாதாட வேண்டாம். அடுத்த முறை மாமியாரையும் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். அழகரிடம் அவர் தேதி குறித்துக் கொடுத்திருக்க மாட்டார். இரண்டாவது தொட்டிலை மூன்று வருடம் கழித்தும் கட்டலாம்.