மலிவு டூல்ஸ் வாங்கலாமா? வீட்டு கேரேஜ் வேலைக்கு ஒரு கேள்வி பதில்

வீட்டிலேயே கார், பைக் வேலை பார்க்கிறவர்கள் தள்ளுபடியில் கிடைக்கும் மலிவு டூல்ஸ் பற்றிக் கேட்ட கேள்விகளுக்கு என் பதில்கள் இவை. எனக்கு மெக்கானிக் வேலையில் பல வருடப் பழக்கம், மலிவானதும் விலை கூடியதும் என் டூல் பெட்டியில் கலந்தேதான் கிடக்கின்றன. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பாதிக் கேள்விகளுக்கு அதிலேயே பதில் இருக்கிறது: டூல் உடையுமா என்று மட்டும் யோசிக்காதீர்கள், அது உடையும்போது கூடவே வேறு எது போகும் என்று யோசியுங்கள்.

கேள்வி: அண்ணா, இப்போதுதான் டூல்ஸ் வாங்கத் தொடங்குகிறேன். நூற்றுச் சொச்சம் பீஸ் உள்ள சாக்கெட் (போல்ட் தலையில் மாட்டித் திருப்பும் குழல்) செட் ஒன்று பாதி விலைக்குப் போட்டிருக்கிறார்கள். வாங்கலாமா?

வாங்கலாம் தம்பி, ஆனால் பீஸ் எண்ணிக்கையை நம்பி வாங்காதீர்கள். ஸ்க்ரூ டிரைவர் பிட், ஆலன் கீ (ஆறு பக்கக் கம்பி) எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எண்ணித்தான் அந்த நூறைக் காட்டுவார்கள். பெட்டியைத் திறந்து 8 மிமீ முதல் 19 மிமீ வரை விடாமல் இருக்கிறதா என்று பாருங்கள், பல செட்டில் 16, 18 காணாமல் போயிருக்கும், வேலை பாதியில் நிற்கும்போதுதான் அது தெரியவரும். டிரைவ், அதாவது கைப்பிடியைச் சாக்கெட்டில் மாட்டும் சதுர முனை, 3/8 அங்குலம் இருந்தால் பெரும்பாலான வேலைக்குப் போதும்.

அடுத்து, சாக்கெட் உள்ளே எத்தனை முனை என்று பாருங்கள். 6 முனை சாக்கெட்தான் வேண்டும். அது போல்ட்டின் தட்டையான பக்கத்தை அழுத்தும். 12 முனை சாக்கெட் போல்ட்டின் மூலைக்குப் பக்கத்தில் பிடிக்கும், அதனால் துருப்பிடித்த போல்ட்டில் போட்டு அழுத்தினால் மூலை மழுங்கிவிடும். மேலே குரோம் வனேடியம் என்று எழுதியிருப்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அதே உலோகத்தைச் சரியாகச் சூடேற்றிப் பதப்படுத்தாமல் விட்டால் சாக்கெட் ஒன்று விரியும், இல்லையென்றால் வெடிக்கும். கடைக்குப் போகும்போது புது போல்ட் ஒன்றை எடுத்துப் போய்ச் சாக்கெட்டில் போட்டு ஆட்டிப் பாருங்கள். அதிகம் ஆடினால் அந்த செட் வேண்டாம்.

கேள்வி: மலிவு செட்டில் வருகிற ராட்செட், அதாவது முன்னும் பின்னும் ஆட்டிச் சாக்கெட்டைத் திருப்பும் கைப்பிடி, எப்படி? சீக்கிரம் போய்விடும் என்கிறார்களே?

செட்டிலேயே முதலில் போவது அதுதான். ஆனால் பெரும்பாலும் அதைக் கொல்வது நாம்தான். இறுகிப்போன நட்டை ராட்செட்டில் பைப் மாட்டிக் கழற்றினால் உள்ளே இருக்கும் சின்னப் பல்தான் அடி வாங்கும். கழற்றுவதற்கு நீளமான பிரேக்கர் பார் ஒன்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள், அதற்குள் பல்லே கிடையாது, அதனால் மலிவானதே போதும். ராட்செட் நட்டை வேகமாகச் சுற்றி எடுக்க மட்டும்தான். 24 பல் ராட்செட்டில் அடுத்த பல்லில் விழ 15 டிகிரி ஆட்ட வேண்டும், 72 பல் என்றால் 5 டிகிரி போதும், இன்ஜின் பக்கத்தில் கை நுழையாத இடத்தில் அந்த வித்தியாசம் பெரிது. செட்டை மலிவில் வாங்கி, ராட்செட்டை மட்டும் பிறகு நல்லதாக மாற்றிக்கொள்வது நான் பலருக்கும் சொல்லும் வழி.

கேள்வி: அதே சாக்கெட்டை இம்பாக்ட் ரெஞ்சில் (அடி கொடுத்துத் திருப்பும் மெஷின்) போடலாமா?

கூடாது. விலை கூடிய பளபளப்பு சாக்கெட்டாக இருந்தாலும் கூடாது. இம்பாக்ட்டுக்குத் தனியாகக் கறுப்பு நிறத்தில், சுவர் தடித்து, குரோம் மாலிப்டினம் எஃகில் வரும். அது அடியைத் தாங்கிக்கொள்ளும். பளபளப்பு சாக்கெட் கடினமானது, தொடர்ந்து அடி விழும்போது உடைந்து தெறிக்கும், தெறிப்பது முகத்துக்கு நேராகத்தான் வரும். கறுப்பு சாக்கெட்டில் மலிவு செட்டே பரவாயில்லை.

கேள்வி: கார் ஜாக்கும், தூக்கிய காரைத் தாங்கி நிற்கும் ஸ்டாண்டும் மலிவில் எடுக்கலாமா சார்? வருடத்தில் ஒன்றிரண்டு முறைதான் காருக்கு அடியில் போகிறேன்.

இந்தக் கேள்விக்கு மட்டும் நிதானமாகப் பதில் சொல்கிறேன், எத்தனை முறை போகிறீர்கள் என்பது இங்கே கணக்கே இல்லை.

முதலில் ஜாக். ஹைட்ராலிக் ஜாக் தூக்குவதற்குத்தான், தாங்கி நிற்பதற்கு இல்லை. உள்ளே எண்ணெயை அடைத்து வைப்பது ஒரு ரப்பர் சீல். அது எப்போது விடும் என்று யாராலும் சொல்ல முடியாது, விலை கூடிய ஜாக்கிலும் இதுதான் நிலை. எனவே ஜாக் ஓரளவு மலிவாக இருந்தால்கூடப் பாதகமில்லை, தூக்கியதும் ஸ்டாண்டில் இறக்கிவிடுங்கள், ஜாக்கை மட்டும் நம்பி ஒரு கையைக்கூட உள்ளே நீட்டாதீர்கள்.

ஸ்டாண்டுதான் உங்கள் உயிரைத் தாங்குகிறது. 2020 மார்ச்சில் அமெரிக்காவின் ஹார்பர் ஃப்ரெய்ட் என்ற மலிவுக் கருவி நிறுவனம் தன் 3 டன், 6 டன் ஸ்டாண்டுகளைத் திரும்பப் பெற்றது. பாரம் கொஞ்சம் நகர்ந்தால் உள்ளே உயரத்தைப் பிடித்து நிறுத்தும் கொக்கி பல்லை விட்டு விலகி ஸ்டாண்டு திடீரென்று இறங்கிவிடும் என்பது குறை. அதற்கு மாற்றாகக் கொடுத்த 3 டன் ஸ்டாண்டிலேயே சிலவற்றில் வெல்டிங் சரியில்லை என்று அதே வருடம் மறுபடியும் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அதற்காக மலிவு ஸ்டாண்டு எல்லாமே விழும் என்று சொல்லவில்லை. ஆனால் வெல்டிங் உள்ளே எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதை வெளியிலிருந்து கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, எனவே இந்த ஒரு பொருளில் விலையைப் பார்க்காதீர்கள்.

பல்லோடு சேர்த்துக் குறுக்கே பின் போடும் வகை வாங்குங்கள். கொக்கி விலகினாலும் பின் தாங்கும். எழுதியிருக்கும் டன் ஒரு ஸ்டாண்டுக்கா, ஜோடிக்கா என்று படித்துப் பாருங்கள், பலவற்றில் ஜோடிக்குத்தான் போட்டிருப்பார்கள். கான்கிரீட் தரையில் வையுங்கள், தார்த் தரை வெயிலில் இளகி ஸ்டாண்டு ஒரு பக்கம் இறங்கும். தரையில் நிற்கும் சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். காரை இறக்கி வைத்ததும் பக்கவாட்டில் நன்றாக ஒருமுறை தள்ளிப் பாருங்கள், விழுவதென்றால் நீங்கள் வெளியே இருக்கும்போதே விழட்டும். கழற்றிய சக்கரத்தைப் பாடிக்கு அடியில் படுக்க வைத்துவிடுங்கள், அதற்குச் செலவே இல்லை.

கேள்வி: சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கம்ப்ரெசரை மலிவில் வாங்கலாமா?

மலிவில் வேண்டவே வேண்டாம். அமுக்கி வைத்த காயில் ஸ்பிரிங் நழுவினால் தப்பிக்க நேரம் இருக்காது. நல்லதை வாடகைக்கு எடுங்கள், இல்லையென்றால் அந்த ஒரு வேலையை மட்டும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: டார்க் ரெஞ்ச் (வைத்த அளவு இறுக்கம் வந்ததும் கிளிக் என்னும் ஸ்பேனர்) மலிவானதும் விலை கூடியதும் ஒரே மாதிரிதான் கிளிக் என்கிறது. பிறகு எதற்கு அதிக விலை?

கிளிக் எல்லாவற்றிலும் கேட்கும், எந்த இடத்தில் கேட்கிறது என்பதில்தான் விஷயம். இதற்கான சர்வதேசத் தர அளவுகோல் ஐஎஸ்ஓ 6789. அதன்படி 10 நியூட்டன் மீட்டருக்கு (இறுக்கத்தின் அளவு) மேற்பட்ட கிளிக் ரெஞ்சில் பிழை கூட்டியோ குறைத்தோ 4 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். மலிவு ரெஞ்சுகள் பலவும் புதிதாக இருக்கும்போது இதற்குள்ளேயே வந்துவிடும், பிடித்து நிற்பதுதான் சிரமம். வருடம் ஒருமுறை அல்லது 5000 கிளிக்குக்கு ஒருமுறை சரிபார்க்கச் சொல்வது வழக்கம், வீட்டில் யாரும் செய்வதில்லை.

நீங்களே ஓரளவு சரிபார்க்கலாம். ரெஞ்சின் சதுர முனையை வைஸில் (மேசைப் பிடிப்பான்) பிடித்து, ரெஞ்ச் கிடைமட்டமாக நிற்கும்படி வையுங்கள். சதுரத்தின் நடுவிலிருந்து 40 செமீ தள்ளி, கைப்பிடியில் கை பிடிக்கும் இடம் அங்கே வந்தால் நல்லது, 10 கிலோ எடையைத் தொங்கவிட்டால் சுமார் 39 நியூட்டன் மீட்டர். ரெஞ்சின் சொந்த எடை அதோடு கொஞ்சம் சேரும். 50-ல் வைத்துத் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, ஒவ்வொரு முறையும் எடையை மெதுவாக விட்டுப் பாருங்கள். 40-ஐ ஒட்டிக் கிளிக் கேட்டால் சக்கர நட்டுக்கு அந்த ரெஞ்சை நம்பலாம். 50-லேயே கேட்டாலோ 30 வரை வந்தும் கேட்காவிட்டாலோ திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அளவு எல்லையைப் பார்ப்பதும் முக்கியம். ரெஞ்ச் தன் உச்ச அளவில் 20 சதவீதத்துக்குக் கீழே சரியாகக் காட்டாது. 200 வரை போகும் பெரிய ரெஞ்சை வைத்து ஸ்பார்க் பிளக் இறுக்கப் போனால் அலுமினிய மரையைக் கெடுத்துவிடுவீர்கள், அதற்குச் சின்ன ரெஞ்ச் தனியாக வேண்டும். வேலை முடிந்ததும் அளவை மிகக் குறைந்த கோட்டுக்கு இறக்கி வையுங்கள், அதற்கும் கீழே தளர்த்த வேண்டாம். அதை வைத்து நட்டு கழற்றாதீர்கள். கையில் பணம் குறைவு என்றால் பழைய முள் வகை ரெஞ்ச் வாங்குங்கள். வளையும் கம்பியும் ஒரு முள்ளும்தான், கெடுவதற்கு உள்ளே ஒன்றுமில்லை, முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும்.

கேள்வி: என் ஜப்பானிய பைக்கில் ஸ்டார் ஸ்க்ரூ எல்லாம் மழுங்குகிறது. மலிவு ஸ்க்ரூ டிரைவர்தான் காரணமா?

பாதிக் காரணம்தான். அந்த ஸ்க்ரூ பார்க்கச் சாதாரண ஸ்டார் ஸ்க்ரூவான பிலிப்ஸ் மாதிரி இருக்கும், ஆனால் ஜப்பானின் ஜேஐஎஸ் அளவில் வெட்டியது. பிலிப்ஸ் முனை அதில் அடிவரை இறங்காது, அழுத்தித் திருப்பினால் மேலே ஏறி வழுக்கும். தலையில் சின்னப் புள்ளி இருந்தால் அது ஜேஐஎஸ் ஸ்க்ரூ. ஜேஐஎஸ் டிரைவர் இரண்டு மூன்று அளவில் வாங்குங்கள், இதற்கு மட்டும் நல்ல கம்பெனியில் போடும் பணம் வீணாகாது, பெரிய செலவும் இல்லை. திருப்புவதற்கு முன் டிரைவரை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டுங்கள், மரையில் பிடித்திருக்கும் துரு விடும்.

ஆலன் கீக்கும் இதையே சொல்வேன். மலிவு கீயின் மூலை உருண்டுபோனால் கீயைத் தூக்கி எறியலாம், ஆனால் போகிற போக்கில் போல்ட்டின் குழியையும் உருட்டிவிட்டுத்தான் போகும். பிரேக் பைப் நட்டுக்குப் போடும் ஃபிளேர் ஸ்பேனரும் அப்படியே. அந்த நட்டு மென்மையானது, ஸ்பேனர் வாய் ஒரு இழை விரிந்தாலும் பைப்பையே மாற்ற வேண்டி வரும். டூலை விட நட்டும் போல்ட்டும் விலை கூடிய இடங்கள் இவை.

கேள்வி: அப்படியென்றால் எதைத்தான் யோசிக்காமல் மலிவில் வாங்குவது?

நிறைய இருக்கிறது. சுத்தியல், ரப்பர் சுத்தியல், கடப்பாரைக் கம்பி, கம்பி பிரஷ், எண்ணெய் பிடிக்கும் தட்டு, புனல், காந்தத் தட்டு, கிளாம்ப், எக்ஸ்டென்ஷன் ராட், கையுறை, சக்கரத்துக்கு வைக்கும் கட்டை. ஒரே ஒரு வேலைக்குத் தேவைப்படும் புல்லர் (இறுகிய பாகத்தை இழுத்துக் கழற்றுவது) மாதிரியானவையும் சேர்த்தி. வெட்டுவதற்கு உள்ள பிளேயரை மட்டும் இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள், முனை மழுங்கினால் கம்பியை மெல்லும்.

கேள்வி: தங்க நிறத்தில் வரும் டிரில் பிட் செட் நல்லதா? விலை ரொம்பக் குறைவு.

அந்தத் தங்க நிறம் டைட்டானியம் நைட்ரைட் பூச்சு. உள்ளே இருப்பது நல்ல எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீட் ஸ்டீல்) எஃகாக இருந்தால்தான் பூச்சால் பயன், ஒருமுறை தீட்டினால் முனையில் அதுவும் போய்விடும். உடைந்த போல்ட்டைத் துளைக்க வேண்டுமென்றால் 5 சதவீதம் கோபால்ட் கலந்த எம்35 பிட் தேவையான அளவில் நாலைந்து மட்டும் வாங்குங்கள். வேகத்தைக் குறைத்து, எண்ணெய் விட்டு, அழுத்திப் போடுங்கள். மரத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் மலிவு செட் போதும்.

கேள்வி: பேட்டரி டூல்ஸில் ஒரு கம்பெனி 18 வோல்ட், இன்னொன்று 20 வோல்ட். 20 பலமானதுதானே?

இரண்டும் ஒன்றுதான். உள்ளே 5 செல் வரிசையாக இருக்கிறது. ஒவ்வொன்றும் சராசரியாக 3.6 வோல்ட் என்று கணக்குப் போட்டால் 18, முழு சார்ஜில் 4 வோல்ட்டுக்கு மேல் நிற்பதை வைத்து எழுதினால் 20. டூலை விடப் பேட்டரியைப் பாருங்கள், ஒரு கம்பெனி பேட்டரி இன்னொன்றில் சேராது. அந்தப் பேட்டரி இரண்டு வருடம் கழித்தும் தனியாகக் கிடைக்குமா என்பதுதான் மலிவு கம்பெனியிடம் கேட்க வேண்டிய கேள்வி. கிடைக்காது என்று தோன்றினால் வயர் உள்ள டிரில்லே வாங்குங்கள், அது பல காலம் உழைக்கும்.

கேள்வி: வோல்ட், ஆம்பியர் அளக்க மலிவு மல்டிமீட்டர் போதுமா?

காரின் 12 வோல்ட்டுக்குத் தாராளமாகப் போதும். வீட்டு மின்சாரத்தில் வைப்பதென்றால் உண்மையாகவே கேட் 3 (CAT III) பாதுகாப்புத் தரம் உள்ளதுதான் வேண்டும். மேலே அச்சடித்திருப்பதை நம்பாமல் முதுகைத் திறந்து பாருங்கள், சின்னக் கண்ணாடி ஃபியூஸ் இருந்தால் அது 12 வோல்ட்டோடு நிற்கட்டும். 10 ஆம்பியர் துளைக்கு ஃபியூஸே இல்லாத மீட்டர்களும் விற்கிறார்கள். ஹைப்ரிட், எலெக்ட்ரிக் காரில் உயர் வோல்ட் போகும் ஆரஞ்சு நிற வயர்களை எந்த மீட்டராலும் தொடாதீர்கள், அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும்.

கேள்வி: வாழ்நாள் கேரண்டி என்று போட்டிருந்தால் மலிவானாலும் தைரியமாக எடுக்கலாமா?

சாக்கெட், ஸ்பேனர் மாதிரி கை டூல்ஸுக்கு நல்ல விஷயம்தான். மாற்றிக் கொடுக்கும் கடை பக்கத்தில் இருக்கிறதா, பில் கேட்கிறார்களா என்று மட்டும் விசாரியுங்கள். டார்க் ரெஞ்ச், வெட்டும் முனை, பேட்டரி மூன்றையும் பெரும்பாலும் அந்தக் கேரண்டியில் சேர்க்க மாட்டார்கள். மழுங்கிய போல்ட்டுக்கும் கிழிந்த விரலுக்கும் எந்தக் கேரண்டியும் இல்லை.

கேள்வி: கடைசியாக, இரும்பு வெட்டும் ஆங்கிள் கிரைண்டர். மெஷினும் டிஸ்க்கும் சேர்த்து மலிவில் வருகிறது.

மெஷினை எடுத்துக்கொள்ளுங்கள், டிஸ்க்கைத் தனியாக நல்லதாக வாங்குங்கள். டிஸ்க்கில் எழுதியிருக்கும் சுற்று வேகம் மெஷினின் வேகத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். 125 மிமீ டிஸ்க்கில் சாதாரணமாக நிமிடத்துக்கு 12,200-ஐ ஒட்டியும், 100 மிமீ டிஸ்க்கில் 15,300-ஐ ஒட்டியும் போட்டிருக்கும், பெரிய டிஸ்க்கைச் சின்ன மெஷினில் பாதுகாப்பு மூடியான கார்டைக் கழற்றிவிட்டு மாட்டுகிறவர்கள் இந்த எண்களைப் பார்ப்பதே இல்லை. நடுவில் உள்ள உலோக வளையத்தில் காலாவதித் தேதி இருக்கும், அதைத் தாண்டியதையும் ஈரம்பட்டதையும் கீழே விழுந்ததையும் மாட்டாதீர்கள். கண்ணைக் காக்கும் கண்ணாடி வாங்கும்போது அதன் மேல் இஎன் 166 அல்லது இசட் 87 என்ற பாதுகாப்புத் தர முத்திரை இருக்கிறதா பாருங்கள். புது டிஸ்க் மாட்டியதும் மெஷினை உடம்பை விட்டுத் தள்ளிப் பிடித்து ஒரு நிமிடம் சும்மா ஓடவிட்டு, அதற்கப்புறம் இரும்பில் வையுங்கள்.