மிகுபுனைவு உலகை உருவாக்க உண்மை வரலாறு எவ்வாறு உதவுகிறது?

மிகுபுனைவுக் கதைக்கு, அதாவது மந்திரமும் கற்பனை நாடுகளும் நிறைந்த கதைக்கு, வரலாற்றிலிருந்து உலகம் அமைப்பது என்றால், நடந்த நிகழ்வுகளுக்குப் பின்னிருந்த காரணங்களைக் கடன் வாங்கி, அவற்றின் மேல் புதிய மனிதர்களையும் நாடுகளையும் எழுப்புவதாகும். அளவுச் சட்டையை வைத்துப் புதுத் துணியில் தைப்பதைப் போன்றது இது.

1453இல் கான்ஸ்டான்டிநோபிளின் (இன்றைய இஸ்தான்புல்) துறைமுக வாயிலைப் பெரும் இரும்புச் சங்கிலி அடைத்திருந்ததால், அந்நகரை முற்றுகையிட்டிருந்த ஒட்டோமான் சுல்தான் இரண்டாம் மெகமது, கொழுப்புத் தடவிய மரக்கட்டைகளின் மேல் தம் கப்பல்களை மேட்டு நிலத்தின் வழியே இழுக்கச் செய்து, சங்கிலிக்கு உட்புறம் நீரில் இறக்கினார். எந்த மந்திரமும் எனக்கு இவ்வளவு வியப்பைத் தந்ததில்லை. கடலின் அமைப்பும் காவலின் கடுமையும் அந்த முடிவைக் கட்டாயமாக்கியதால்தான் நாம் அதை நம்புகிறோம்.

பெயர்களை மாற்றினாலே புது உலகம் கிடைத்துவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். ஆனால் சங்கிலியே இல்லாத துறைமுகத்துக்குக் கப்பல்களை மேடேற்றிக் கொண்டுவந்தால், வாசகர் அதற்கான காரணத்தைத் தேடி ஏமாறுவார்.