தொடாமல் திரும்பிய குழம்பு

கேள்வி: எங்கள் அடுக்ககத்தில் 24 குடும்பங்கள் இருக்கிறோம். சென்ற பொங்கலுக்கு வீட்டுக்கு ஒரு பதார்த்தம் செய்து கொண்டுவந்து மொட்டை மாடியில் சேர்ந்து சாப்பிட்டோம். ஏழு வீடுகளிலிருந்து எலுமிச்சைச் சாதமே வந்தது. தொட்டுக்கொள்ளச் சரியாக எதுவும் இல்லை. புதிதாகக் குடிவந்த குடும்பம் கொண்டுவந்த பருப்பு உருண்டைக் குழம்பைப் பலர் தொடவே இல்லை. "என்ன ஆட்களென்று தெரியாத வீட்டுச் சமையல்" என்று இருவர் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. இந்த ஆண்டு ஏற்பாடு என் பொறுப்பு. எது யார் வீட்டுச் சமையல் என்று தெரியாதபடி பாத்திரங்களில் பெயர் எழுதாமல் விட்டுவிடலாமா?
- வாசகி, கோவை

பதில்: அன்புச் சகோதரி, பெயரை மறைக்க வேண்டாம். மறைத்தால் அந்தக் குழம்பு செலவாகலாம். ஆனால் யாரிடம் தவறு இருக்கிறதோ அவர்களுக்கு வசதி செய்துகொடுத்து, தவறே செய்யாத குடும்பத்தின் பெயரை ஒளித்துவைத்ததாகிவிடும். சைவம் மட்டுமே உண்பவர் அசைவத்தை ஒதுக்குவது அவருடைய உரிமை. அதற்காகத் தனி மேசையும் தனிக் கரண்டிகளும் வைத்துவிடலாம். பருப்பு உருண்டைக் குழம்பில் ஒதுக்குவதற்கு என்ன இருக்கிறது? அங்கே ஒதுக்கப்பட்டது குழம்பல்ல, அதைச் சமைத்தவர்கள். சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமண மாணவர் இருவருக்கு மட்டும் தனியே உணவளிக்கப்பட்டதை எதிர்த்து வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் 1924, 1925-ஆம் ஆண்டுகளில் போராடினார்கள். ஏறத்தாழ நூறாண்டுகள் கழிந்த பின்பும் அதே எண்ணம் உங்கள் மொட்டை மாடிக்கு ஏறி வந்திருக்கிறது என்பதை நாம் மென்மையான சொற்களால் மூடிவைக்கக் கூடாது.

நீங்கள் மாற்ற வேண்டியது பரிமாறும் முறையை. மேசையில் வரிசையாக வைத்து அவரவர் எடுத்துக்கொள்ளும்போது ஒரு பாத்திரத்தைச் சத்தமில்லாமல் கடந்துபோவது மிக எளிது. இலை போட்டு, பந்தியில் உட்காரவைத்து, எல்லாப் பதார்த்தங்களையும் எல்லா இலைகளுக்கும் கொண்டுசெல்லுங்கள். வேண்டாம் என்பவர் பரிமாறுபவரின் முகத்தைப் பார்த்துத்தான் அதைச் சொல்ல வேண்டியிருக்கும். பெரும்பாலோருக்கு அதற்கு மனம் வராது. பரிமாறுகிறவர்களில் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவரும் இருக்கட்டும். முதல் பந்தியில் நீங்களும் சங்கத் தலைவரும் உட்கார்ந்து அந்த வீட்டுப் பதார்த்தத்தைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள். அதற்கு முன்பாக ஒருநாள் நேரில் போய், இந்த ஆண்டும் அவசியம் வர வேண்டும் என்று அழைத்துவிட்டு வாருங்கள். வாட்ஸப் குழுவில் போடும் பொது அழைப்பு அவர்களுக்குப் போதாது. சென்ற ஆண்டு காரம் கூடிவிட்டது போலும் என்று சமாதானம் எதுவும் சொல்ல வேண்டாம்; நடந்தது என்னவென்று அவர்களுக்குத் தெரியும்.

பேசிக்கொண்ட அந்த இருவரையும் கூட்டத்தில் வைத்துக் கேட்காமல், தனியே அழைத்து, உங்கள் காதில் விழுந்ததையும் அது தவறு என்பதையும் நேராகச் சொல்லிவிடுங்கள்.

எலுமிச்சைச் சாதச் சிக்கல் சிறியது. குழுவில் "யார் என்ன கொண்டுவருகிறீர்கள்?" என்று பொதுவாகக் கேட்காமல், கலந்த சாதம் நான்கு, குழம்பு மூன்று, பொரியலும் கூட்டும் ஆறு, இனிப்பு மூன்று என்று முதலிலேயே பிரித்துப் பட்டியலிட்டு, இடம் நிரம்பியதும் அந்தப் பிரிவை மூடிவிடுங்கள். சமைக்க முடியாத முதியவர்களுக்கும் தனியே வசிப்பவர்களுக்கும் வாழையிலை, தண்ணீர் கேன், பழம், அப்பளம் ஆகியவற்றைக் கொடுங்கள். அடுப்படி வேலை முழுவதையும் பெண்கள் பார்ப்பதால், இலை எடுப்பதையும் பாத்திரம் கழுவுவதையும் ஆண்கள் பெயரில் பட்டியலிலேயே எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால் அதுவும் உங்கள் தலையில்தான் விழும். அளவைப் பொறுத்தவரை, ஒரு கிலோ அரிசிச் சோறு எட்டிலிருந்து பத்துப் பேருக்கு முழுச் சாப்பாடாகும். நான்கு வகைச் சாதம் இருக்கும்போது அதே ஒரு கிலோ இருபது பேருக்குமேல் வரும். ஆகவே ஒவ்வொருவரும் அடுக்ககம் முழுமைக்கும் சமைத்துக் களைத்துப்போக வேண்டியதில்லை.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். சமைத்த உணவு சாதாரண வெப்பநிலையில் இரண்டு மணி நேரத்துக்குமேல் இருக்கக் கூடாது. சோற்றில் வளரும் ஒருவகைப் பாக்டீரியாவின் வித்துகள் கொதிநிலையையும் தாங்கும். அது உண்டாக்கும் நச்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. புளியும் எண்ணெயும் சேர்ந்த புளியோதரை தாங்கும். தேங்காய்ச் சட்னியும் தேங்காய் அரைத்த கூட்டும் தாங்கா. தயிர்சாதத்தைப் பாலில் பிசைந்து, கொஞ்சம் தயிர் மட்டும் சேர்த்துக் கொண்டுவரச் சொல்லுங்கள். பந்தி தொடங்கும்வரை புளிக்காது. வேர்க்கடலை, முந்திரி சேர்ந்த பதார்த்தங்களின் பாத்திரத்தில் அதை எழுதி ஒட்டச் சொல்லுங்கள். ஒவ்வாமை உள்ள குழந்தைகள் எந்த வீட்டில் இருக்கிறார்கள் என்பதையும் முன்னதாகவே விசாரித்துக்கொள்ளுங்கள்.