பை நிறைய இலை, கிழங்கு எங்கே?

கேள்வி: புரட்டாசியில் ‘குளிர்கால அறுவடை உருளைக்கிழங்குப் பெட்டி’ என்று ஒன்றை இணையத்தில் 899 ரூபாய்க்கு வாங்கினேன். ஒரு கிலோ விதைக்கிழங்கு, நான்கு வளர்ப்புப் பைகள், ஒரு பொட்டலம் உரம். ‘எந்த ஊரிலும், எந்த மாடியிலும் விளையும், பைக்கு மூன்று கிலோ உறுதி’ என்பது விளம்பரம். ஐப்பசியில் நட்டேன். செடி முழங்காலைத் தாண்டி வளர்ந்தது, தெருவே வந்து பார்த்தது. தை பிறந்து பையைக் கவிழ்த்தால், நான்கு பைக்கும் சேர்த்து ஒரு கை கிழங்கு, அதுவும் சுண்டைக்காய் அளவில். விற்றவர்களோ ‘தண்ணீர் அதிகம் ஊற்றிவிட்டீர்கள்’ என்கிறார்கள். பெட்டியில் இருந்த தாளில் ‘உறைபனி விழும் இரவுகளில் பையை வீட்டுக்குள் எடுத்து வையுங்கள்’ என்று இருந்தது. அப்படி ஓர் இரவு வருமென்று நானும் காத்திருந்தேன். தவறு என்னுடையதா? பணம் திரும்பக் கிடைக்குமா?
— பாளையங்கோட்டை வாசகி

பதில்: பாளையங்கோட்டையில் உறைபனிக்காகக் காத்திருந்த பொறுமைக்கே தனியாக நஷ்டஈடு கேட்கலாம், அம்மா. அந்தத் தாள்தான் திருடனைக் காட்டிக்கொடுக்கிறது. இங்கிலாந்தில் விதைக்கிழங்கைக் குளிர்கிடங்கில் உறங்கவைத்து, ஆகஸ்ட் மாதம் பையில் நட்டு, கிறிஸ்துமஸ் விருந்துக்குத் தோண்டி எடுக்கும் வழக்கம் உண்டு. அந்த ஊர்க் குறிப்பை அப்படியே தமிழாக்கி, நம் ஊர்ப் பெட்டிக்குள் போட்டிருக்கிறார்கள்.

உருளைக்கிழங்கு கேட்பது குளிர்ந்த இரவு. பகலில் இலை சமைக்கும் சர்க்கரை, மண்ணுக்குள் ஓடும் தண்டின் நுனியில் சேர்ந்து திரண்டால்தான் கிழங்கு. அதற்கு இரவு வெப்பம் 15 முதல் 20 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால், சேர்த்ததைச் செடி மூச்சு விட்டே செலவழித்துவிடும், மிச்சம் இலையாகிவிடும். நம் ஊரில் மார்கழி இரவிலும் வெப்பம் 20-க்குக் கீழே இறங்குவது அபூர்வம். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது, அதனால் அங்கே விளைகிறது. உங்கள் மாடி இரண்டாவது தளத்தில் இருக்கலாம், அது போதாது. செடி தழைத்ததே உங்கள் கைப்பக்குவத்துக்குச் சான்று. தண்ணீர் மிஞ்சியிருந்தால் வேர் அழுகிச் செடியே விழுந்திருக்கும்.

‘வெப்பம் தாங்கும் ரகம் இருக்கிறதாமே’ என்று அடுத்த கடிதம் வரும், தெரியும். குஃப்ரி சூர்யா என்ற ரகத்தைச் சிம்லாவில் உள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் 2006-இல் வெளியிட்டது. மற்ற ரகங்கள் தடுமாறுகிற இரவிலும் அது ஓரளவு கிழங்கு வைக்கும். ஆனால் அதுவும் இரவு சுமார் 20 டிகிரி இருக்கும் இடங்களைக் கணக்கில் வைத்து உருவானதுதான். ஆசைக்கு ஒரு பை வைத்துப் பார்க்கலாம், குழம்புக்கு நம்பியிருக்க முடியாது.

இனி பணம். விதை கெட்டது என்று எழுதாதீர்கள். முளைத்துத் தழைத்த விதையைக் கெட்டது என்று நிரூபிக்க முடியாது. உங்கள் வழக்கு விளம்பர வாசகத்தின் மேல்: ‘எந்த ஊரிலும்’, ‘மூன்று கிலோ உறுதி’. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தவறாக வழிநடத்தும் விளம்பரம் என்பதற்குள் இது வரும். அந்த விளம்பரப் பக்கத்தை இன்றைக்கே படம் எடுத்து வையுங்கள். புகார் போன மறுநாள் வாசகம் மாறிவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ரசீது, பெட்டியில் இருந்த தாள், கிழங்கின் பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து எடுத்த படம் ஆகியவையும் வேண்டும்.

முதலில் விற்பனைத் தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். 2020-இன் மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததாக ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அசையவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், நிறுவனம் எங்கே இருக்கிறது என்று தேடி அலைய வேண்டியதில்லை. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். 899 ரூபாய்க்கு ஆணையம் வரை போவதா என்று வீட்டில் கேட்பார்கள். பெரும்பாலும் 1915 வரை போனாலே பணம் திரும்பிவிடுகிறது. போகாமல் விடுவதைத்தான் அவர்கள் எண்ணி விற்கிறார்கள்.

கேள்வி: அதற்குப் பதில் சந்தையில் வாங்கிய உருளையை முளைக்கவிட்டு நட்டால் செலவு மிச்சமில்லையா?
— மேலப்பாளையம் வாசகர்

பதில்: இரவு வெப்பம் உங்கள் வீட்டுக்கும் அதேதான். தவிர, கிடங்கில் இருந்து வரும் கிழங்கில் முளைக்காமல் இருக்க மருந்து அடித்திருக்கலாம், அது முளைத்தாலும் நோஞ்சானாகத்தான் வரும். செம்மண் ஒட்டிய ஊட்டிக் கிழங்கை நடவே வேண்டாம். உருளையைத் தாக்கும் நூற்புழு நீலகிரியில் 1961-இல் கண்டறியப்பட்டது. அங்கிருந்து விதைக்கிழங்கு வெளிமாநிலம் போகத் தடை வந்ததே அதனால்தான். சான்று விதை என்று யாராவது விற்றால், மூட்டையில் நீலச் சீட்டு இருக்கிறதா என்று பாருங்கள். பச்சை ஓடிய கிழங்கைத் தின்ன வேண்டாம்.

கேள்வி: பொங்கலுக்கு இரண்டு கிலோ சிறுகிழங்கு வாங்கினேன். மண்ணைக் கழுவித் தோலும் போனபின் நிறுத்தால் ஒன்றரைக் கிலோவுக்கும் குறைவு. மண்ணுக்கும் காசு கொடுப்பதா? மாடியில் வளர்க்க முடியுமா?
— ஆலங்குளம் வாசகி

பதில்: ஆலங்குளத்தில் இருந்துகொண்டு சிறுகிழங்கைக் காசு கொடுத்து வாங்கினேன் என்று வெளியே சொல்லாதீர்கள். கடையம், பாவூர்சத்திரம் பக்கத்து வயல்களெல்லாம் உங்கள் அக்கம்பக்கம்தானே.

மண்ணோடு விற்பதில் ஏமாற்று எதுவும் இல்லை, கழுவிய சிறுகிழங்கு சீக்கிரம் அழுகும். ஏமாற்று ஈரத்தில் இருக்கிறது. விரலால் தேய்த்தால் மண் பொடியாக உதிர வேண்டும், சேறாக அப்பினால் தண்ணீரையும் சேர்த்து நிறுக்கிறார்கள். உலர்ந்த குவியலாகப் பார்த்துக் கேளுங்கள், இல்லையென்றால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். தோலுக்குக் கத்தி எடுப்பவர்கள்தான் பாதியை இழக்கிறார்கள். கொஞ்ச நேரம் தண்ணீரில் ஊறவைத்து, சாக்கில் போட்டுத் தரையில் உருட்டித் தேய்த்தால் தோல் மட்டும் போகும். எங்கள் ஆச்சி சாக்கின் இரண்டு முனையையும் பிடித்துத் துவைகல்லில் அடிப்பாள், பாதித் தெருவுக்குக் கேட்கும்.

மாடியில் தாராளமாக வளர்க்கலாம், மேலே சொன்ன 899 ரூபாய்ப் பெட்டியும் வேண்டாம். இது துளசிக் குடும்பத்துச் செடி, இலை பார்க்கக் கற்பூரவல்லியின் சித்தி மகள் போல இருக்கும். நம் வெயிலுக்குப் பழகியது. வாங்கிய கிழங்கில் ஒரு கைப்பிடியைக் கழுவாமல், உலர்ந்த மணலில் நிழலில் வையுங்கள். வைகாசியில் ஒரு தொட்டியில் ஊன்றினால் கொடி ஓடும். ஆடி, ஆவணியில் நுனியை ஒரு சாண் கிள்ளி, பைகளில் படுக்கவைத்து மண் மூடுங்கள். புரட்டாசி தாண்டி நட்டால் கிழங்கு சிறுத்துவிடும். ஐப்பசி மழைக்கு அடியில் தண்ணீர் நிற்காமல் ஓட்டை இருக்கட்டும், கொடி படரப் படர மண் அணையுங்கள். நாலைந்து மாதத்தில் இலை பழுத்துக் காயும்போது தோண்டலாம், கணக்காகப் பொங்கலுக்கு வரும்.

விதைக்கு எடுத்துவைக்கும் கைப்பிடியில் முடிச்சு முடிச்சாக, கொப்புளம் வைத்ததுபோல இருக்கும் கிழங்கு ஒன்றுகூட இருக்கக் கூடாது. அது வேர்முடிச்சு நூற்புழுவின் வேலை, பை மண் முழுக்கப் பரவும். அப்படிப்பட்டதைக் குழம்பில் போட்டுவிடுங்கள்.