பழைய கம்பெனியின் பூட்டு கழலாத லேப்டாப்பை எக்ஸ்சேஞ்சில் போடலாமா?

கோத்தகிரி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: வீட்டிலிருந்தே ஒரு கோவைக் கம்பெனிக்கு வேலை பார்த்தாராம். விலகும்போது லேப்டாப்பை அவர்களே பில் போட்டுக் குறைந்த விலைக்குக் கொடுத்துவிட்டார்கள். இப்போது எக்ஸ்சேஞ்சில் போடலாம் என்று பார்மெட் செய்தால், வைஃபை கிடைத்ததும் அதே கம்பெனியின் பெயர் வந்து பாஸ்வேர்டு கேட்கிறது. ஊட்டி சேரிங் கிராஸ் பக்கம் ஒருவர் மூவாயிரம் கொடுத்தால் எடுத்துத் தருகிறேன் என்கிறாராம்.

கொடுக்காதீர்கள். அந்தப் பூட்டு உங்கள் லேப்டாப்புக்குள் இல்லை. வாங்கிய காலத்திலேயே அந்த மெஷினின் அடையாளத்தைக் கம்பெனி மைக்ரோசாஃப்டிடம் பதிந்து வைத்திருக்கிறது, மேக் என்றால் ஆப்பிளிடம். பார்மெட் செய்தாலும் ஹார்ட் டிஸ்க்கையே மாற்றினாலும் அந்தப் பதிவு அங்கேதான் இருக்கும். வீட்டுக்கு வெள்ளையடித்தால் பட்டாவில் பெயர் மாறுமா என்ன?

மூவாயிரம் கேட்பவர் பெரும்பாலும் செய்வது இதுதான்: நெட் இணைக்காமல் விண்டோஸைப் போட்டு, அந்த மெஷினுக்குள் மட்டும் இருக்கும் லோக்கல் அக்கவுண்ட் ஒன்றைத் திறந்து, பளிச்சென்று டெஸ்க்டாப்பைக் காட்டுவார். வாங்கியவர் ஆறு மாதம் கழித்து ரீசெட் செய்வார், கம்பெனி பெயர் மறுபடி வரும், அவர் தேடி வருவது உங்களைத்தான், மூவாயிரம் வாங்கியவரை அல்ல. இன்னொரு வகை ஆள் இருக்கிறார், "லாக் ஆன மெஷின், ஸ்பேர் விலைதான்" என்று கால் விலைக்கு வாங்கிப்போவார். அவசரத்தில் தலையாட்டிவிடாதீர்கள். பழைய ஆபீஸ் பாஸ்வேர்டை எந்தக் கடைக்காரருக்கும் சொல்லவே கூடாது.

செய்ய வேண்டியது ஒரு மெயில். அடியில் இருக்கும் சீரியல் நம்பர், பில், ரிலீவிங் லெட்டர் மூன்றையும் இணைத்துக் கம்பெனியின் ஐடி டீமுக்கு அனுப்புங்கள். "இன்ட்யூனிலிருந்து மட்டும் இல்லை, ஆட்டோபைலட் பதிவிலிருந்தும் நீக்குங்கள்" என்று அப்படியே எழுதுங்கள். இன்ட்யூன் என்பது கம்பெனி லேப்டாப்களை நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்ட் சேவை, ஆட்டோபைலட் என்பது மேலே சொன்ன அந்த அடையாளப் பதிவு. மேக் என்றால் ஆப்பிளிடம் இருக்கும் கம்பெனிப் பதிவான ஆப்பிள் பிசினஸ் மேனேஜரிலிருந்து விடுவிக்கச் சொல்லுங்கள். இன்ட்யூனிலிருந்து மட்டும் நீக்கிவிட்டு டிக்கெட்டை, அதாவது உங்கள் கோரிக்கையை, மூடிவிடுவது ஐடிக்காரர்களுக்கு வழக்கம். சில நிமிட வேலை, ஆனால் விலகியவருக்கு டிக்கெட் போட லாகின் கிடையாது, ஹெச்ஆர் ஐடியைக் காட்டும், ஐடி ஹெச்ஆரைக் காட்டும். பழைய மேனேஜரை சிசியில் போடுங்கள், விடாமல் நினைவூட்டுங்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், இதில்தான் நிறைய பேர் குழம்புகிறார்கள். லேப்டாப் உங்கள் சொந்தக் காசில் வாங்கியது, வேலைக்காக ஆபீஸ் அக்கவுண்டை மட்டும் சேர்த்தீர்கள் என்றால் பெரும்பாலும் நீங்களே கழற்றலாம்: செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ், 'ஆக்சஸ் வொர்க் ஆர் ஸ்கூல்', டிஸ்கனெக்ட். ஆனால் அதற்கு முன் இரண்டு விஷயம் பாருங்கள். அட்மின் உரிமையுள்ள சொந்த லோக்கல் அக்கவுண்ட் ஒன்று இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வெளியே நின்றுகொண்டு கதவைத் தட்ட வேண்டியதுதான். டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் ரெக்கவரி கீ ஆபீஸ் அக்கவுண்டில் மட்டும் சேமிக்கப்பட்டிருக்கலாம். அதை முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், இல்லாமல் போனால் அதிலிருக்கும் குழந்தை போட்டோ எதுவும் திரும்பாது. வாசகரே, உங்களுடையது கம்பெனி வாங்கியது, இந்த வழி உங்களுக்கு இல்லை.

நீக்கிவிட்டோம் என்று பதில் வந்ததும் மலையிறங்கிக் கோவைக்குக் கிளம்பிவிடாதீர்கள். வீட்டிலேயே இன்னொரு தடவை ரீசெட் போட்டு, கட்டாயம் வைஃபை இணைத்து, கம்பெனி பெயர் வராமல் செட்டப் முடிகிறதா என்று பாருங்கள். கடையில் கொடுக்கும்போது ரசீதில் சீரியல் நம்பரை எழுதி வாங்குங்கள், கம்பெனியின் பதில் மெயிலையும் பிரின்ட் எடுத்து ஒரு காப்பி கொடுத்துவிடுங்கள்.