இங்கிலாந்துப் பள்ளிகளில் பிரம்படி: கேளுங்க, சொல்றேன்

அண்ணா, ஆசிரியர் அடிக்கலாம் என்று அங்கே சட்டமே இருந்ததா?

வழக்கமாக வந்த உரிமை, அதை நீதிமன்றமும் ஒப்புக்கொண்டது. 1860இல் ஈஸ்ட்போர்னில் தாமஸ் ஹாப்லி என்ற ஆசிரியர் 15 வயதுப் பையனை இரவில் அடித்துக் கொன்றே விட்டார், அதுவும் பையனின் அப்பாவுக்குக் கடிதம் போட்டு அனுமதி வாங்கிக்கொண்டு. அவருக்கு 4 ஆண்டு சிறை. ஆனால் அதே வழக்கில் தலைமை நீதிபதி காக்பர்ன், பெற்றோரும் அவர்கள் பொறுப்பில் விட்ட ஆசிரியரும் பிள்ளையைத் திருத்த அளவாக அடிக்கலாம் என்றும் சொல்லிவிட்டார். அடிக்கும் உரிமை பெற்றோருடையது, ஆசிரியர் கையில் இருப்பது இரவல். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வேலைக்கு ஆகும்.

ஈட்டன் மாதிரி பணக்காரப் பள்ளியிலுமா?

அடிக்குப் பேர்போனதே அதுதானே! ஜான் கீட் அங்கே 1809 முதல் 1834 வரை தலைமை ஆசிரியர். 1832இல் ஒரே இரவில் 80 பையன்களுக்கு மேல் விளாசினாராம். பிரம்புகூட இல்லை, பிர்ச் மர விளார்களைக் கட்டிய கட்டு, கால்சட்டையை இறக்கிவிட்டு. இந்த மாதிரிப் பள்ளிகளில் மூத்த மாணவர்களே சின்னப் பையன்களை அடிக்கவும் அனுமதி இருந்தது, எனக்கு இதுதான் இன்னும் அசிங்கமாகப் படுகிறது.

பெண் பிள்ளைகளுக்கு?

உண்டு. பெரும்பாலும் உள்ளங்கையில்.

பசங்க எதிர்க்கவே இல்லையா சார்?

1911 செப்டம்பரில் வேல்ஸின் லனெல்லியில் பிள்ளைகள் பள்ளியைவிட்டு வெளியேறினார்கள், அது லிவர்பூல், லண்டன் என்று பரவியது. பிரம்பு வேண்டாம் என்பதும் ஒரு கோரிக்கை. சில நாளில் அடங்கிப்போனது.

அப்புறம் எப்படித்தான் நின்றது? மனசு மாறினார்களா?

அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஸ்காட்லாந்தில் இரண்டு தாய்மார்கள், எங்கள் பிள்ளையைத் தோல்வாரால் அடிக்கக் கூடாது என்று ஸ்ட்ராஸ்பர்க் மனித உரிமை நீதிமன்றம் வரை போனார்கள். 1982இல் தீர்ப்பு. அடிப்பது கொடுமை என்று நீதிமன்றம் சொல்லவில்லை, பெற்றோரின் கொள்கையை அரசு மதிக்கவில்லை என்றுதான் சொன்னது. ஹாப்லி இரவல் வாங்கிய அதே பெற்றோர் உரிமை இப்போது பிரம்புக்கு எதிராகத் திரும்பிவிட்டது, பாருங்கள்! அரசு என்ன செய்தது தெரியுமா, அடிக்கச் சம்மதிக்கும் வீட்டுப் பிள்ளையை மட்டும் அடிக்கலாம் என்று 1985இல் ஒரு மசோதா கொண்டுவந்தது. ஒரே தப்பைச் செய்த இரண்டு பேரில் ஒருவனுக்கு மட்டும் அடி, எந்த வகுப்பில் இது நடக்கும்? நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் சபை அதைக் கவிழ்த்தது. 1986 ஜூலையில் கீழவையான காமன்ஸ் சபையில், அரசுப் பள்ளிகளில் அடிக்கத் தடை போட 231 ஓட்டு, எதிராக 230. 1987 ஆகஸ்டில் அமலுக்கு வந்தது.

தனியார் பள்ளிகளிலும் அப்போதே நின்றதா?

இல்லை, இங்கிலாந்தில் 1999 வரை இழுத்தது. அதற்குப் பிறகும் சில கிறிஸ்தவப் பள்ளிக்காரர்களும் பெற்றோரும், அடித்து வளர்ப்பது எங்கள் மத நம்பிக்கை என்று வழக்குப் போட்டார்கள். பிள்ளைகளைக் காக்கப் போட்ட தடை செல்லும் என்று 2005இல், அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை வழக்கைத் தள்ளுபடி செய்துவிட்டது.